புதுக் கட்டிடத்துப் பம்ப் ரூம்

என் தங்கைக்கு ஒரு சட்டை தைக்க வேண்டுமென்றால் இரண்டு தடவை அளவெடுக்க வேண்டும். முதல் தடவை எடுத்தது கட்டாயம் தப்பாக இருக்கும். "ஆடாம நில்லு" என்றால் தலையாட்டுவாள். தோளில் டேப்பை வைத்ததும் ஜன்னல் பக்கம் திரும்பி, "பக்கத்து வீட்டு மோட்டார் தண்ணி இல்லாம ஓடுது, கேக்குதா அண்ணா?" என்பாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் பம்பரம். வேலைக்குப் போனபோது அந்தப் பெயரும் கூடவே போய்ச் சேர்ந்துகொண்டது.

நான் தையல்காரன். கீழே கடை, மேலே வீடு. எனக்கு எட்டாவதோடு படிப்பு நின்றது. அவள் அப்படியில்லை. தொழிற்பள்ளியில் மோட்டார், குழாய், குளிர்சாதனம் என்று எல்லாம் படித்து, ஊரிலேயே பெரிய ஆஸ்பத்திரியில் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தாள். அந்தப் பிரிவில் அவள் ஒருத்திதான் பெண். ஆஸ்பத்திரி என்றால் டாக்டரும் நர்சும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். லைட் எரிவது, லிஃப்ட் ஏறுவது, குழாயில் தண்ணீர் வருவது எல்லாம் தன்னால் நடக்கிற மாதிரி இருக்கும். "தன்னால நடக்குதுன்னு நீ நினைக்கிற பாரு, அதான் எங்க வேலை" என்பாள்.

கொஞ்ச நாளாக அவளுக்கு ஒரே நினைப்புதான் இருந்தது. ஷிஃப்ட் இன்சார்ஜ் ஓய்வு பெறப் போகிறார், அந்த இடம் தனக்கு வேண்டும். சும்மா வந்த ஆசையில்லை அது. மாறி மாறி வரும் ஷிஃப்டில் இரவு வேலை வந்தால், பகலில் வந்து படுப்பாள்; கீழே என் மெஷின் ஓடும்; அரைத் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். இன்சார்ஜ் ஆனால் தினமும் பகல் வேலை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. எந்த மோட்டாரை நிறுத்துவது, எதை ஓட்டுவது என்று இத்தனை காலமும் யாரோ சொல்ல, இவள் செய்தாள். இனி அதைத் தானே சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் விளையாட்டு வந்தது.

பயிற்சிக்காக ஆஸ்பத்திரி ஒரு கம்பெனியைக் கூப்பிட்டிருந்தது. தலையில் மாட்டிக்கொள்ள ஒரு பெரிய கண்ணாடி, இரண்டு கையிலும் பிடித்துக்கொள்ள இரண்டு கைப்பிடி. மாட்டிக்கொண்டால் ஆஸ்பத்திரியின் அடித்தளம் அப்படியே கண் முன்னால் இருக்கும். நடக்கலாம், கதவைத் திறக்கலாம், சுவிட்சைப் போடலாம். திடீரென்று ஒரு கோளாறு வரும்: மின்சாரம் போகும், குழாய் வெடிக்கும், ஏதோ ஒரு அறையில் புகை கிளம்பும். சரியானதைச் சரியான வரிசையில் செய்தால் மார்க். வேகமாகச் செய்தால் கூடுதல் மார்க். தப்பாகச் செய்தால் சங்கு ஊதும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உண்மையில் ஒரு ஆளுக்கு வருஷக்கணக்கில் நடக்கக்கூடிய கோளாறெல்லாம் அதில் ஒரே வாரத்தில் நடந்துவிடும். அதுதான் அதன் நல்ல குணம். அதைக் கொண்டுவந்த பெண்ணை எல்லோரும் விளையாட்டு டீச்சர் என்று கூப்பிட்டார்கள்.

"இத்தனை வருஷம் மெஷினோட குடும்பம் நடத்தியாச்சு. இப்ப கண்ணைக் கட்டிக்கிட்டு காத்துல கை வீசணுமாம்" என்றானாம் ஃப்யூஸ். அவன் எலக்ட்ரீஷியன், என் தங்கையோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். சட்டென்று கோபம் வரும், உடனே அணைந்துவிடும், அதனால் அந்தப் பெயர். இன்சார்ஜ் இடத்துக்கு அவனும் ஆசைப்பட்டான்.

"உனக்கு வீசத் தெரியாது, அதைச் சொல்லு" என்றாளாம் இவள்.

அவர்களுடைய இன்ஜினியர் எல்லோரையும் நிற்க வைத்து, விளையாட்டில் முதலாவதாக வருகிறவர் பெயரைத்தான் இன்சார்ஜ் இடத்துக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். இனி யாரை எந்தக் கட்டிடத்துக்கு அனுப்புவது என்பதும் அந்த மார்க்கை வைத்துத்தான்.

விளையாட்டைத் தயாரிக்கும்போது டீச்சரை அடித்தளம் முழுக்கக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியது என் தங்கைதான். டீச்சர் எல்லாவற்றையும் படம் எடுத்து, அளந்துகொண்டாள். பழைய கட்டிடத்துப் பம்ப் ரூமை ஒரு மூலை விடாமல் எடுத்தார்கள். புதுக் கட்டிடத்துப் பம்ப் ரூமுக்குப் போனபோது தரைக்குப் பெயின்ட் அடித்துக் காயவிட்டிருந்தார்கள், கதவு பூட்டியிருந்தது. டீச்சர் நாளைக்கு வருகிறேன் என்றாள்.

"எதுக்கு இன்னொரு நாள்? அதுவும் இதே மாதிரிதான் டீச்சர். அதே மோட்டார், அதே பைப், அதே வால்வு. அச்சு அசல்" என்று சொன்னாள் என் தங்கை. டீச்சரும் நம்பினாள். விளையாட்டில் பம்ப் ரூம் ஒன்றுதான். பழைய கட்டிடம் என்று வந்தாலும் புதுக் கட்டிடம் என்று வந்தாலும் அதே அறையைத்தான் காட்டும்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. கண்ணாடியை வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள். அதனால் இவள் சும்மாவே விளையாடினாள். கூடத்தின் நடுவில் நின்று கண்ணை மூடிக்கொள்வாள், நான்கு எட்டு வைப்பாள், திரும்புவாள், இடது கையைக் கீழே இறக்கி எதையோ பிடித்துத் திருப்புவாள். மறுபடி வாசலுக்குப் போய் முதலிலிருந்து.

என் மனைவி காய் நறுக்கிக்கொண்டே பார்ப்பாள். "ஏம்மா, பேய் ஓட்டறியா?"

"தண்ணிய நிறுத்தறேன் அண்ணி."

"அப்படியா? நம்ம சமையலறைக் குழாய் ஒரு மாசமா சொட்டுது. அதையும் அப்படியே காத்துலயே நிறுத்திடு, புண்ணியமா போகும்."

"அதுக்கு வாஷர் வாங்கணும் அண்ணி."

"விளையாட்டுல வாஷர் வேணாமா?"

"வேணாம். நினைச்சா போதும்."

"நல்ல விளையாட்டு. எனக்கும் ஒண்ணு கேட்டு வாங்கிக் கொடு. சமைக்கிற மாதிரி."

சாப்பிடும்போது இவள் இடது கை மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டே இருக்கும். தட்டில் பாதி அப்படியே கிடக்கும். கடைக்கு வந்தால் உட்காரமாட்டாள். கத்தரிக்கோலை எடுப்பாள், வைப்பாள், நூல்கண்டை உருட்டுவாள். "எல்லாத்தையும் கலைக்காதே" என்றால் வெளியே போய்ப் படியில் நின்று காலாட்டுவாள். ஆனால் மார்க் ஏறியது. ஆஸ்பத்திரிக் கேன்டீன் திரையில் பெயர்களை வரிசையாகப் போடுவார்களாம். ஒரு வாரம் ஃப்யூஸ் மேலே, ஒரு வாரம் இவள் மேலே. கடைசியில் இவள் பெயர் மேலேயே நின்றுவிட்டது. குழாய் வெடிக்கும் கட்டத்தை அவளைவிட வேகமாக முடித்தவர்கள் யாருமில்லை. நான் கடைக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னேன். பட்டன் வைக்கக் கொடுக்க வந்தவரிடம்கூடச் சொன்னேன்.

அது நடந்தது ஒரு காலை நேரம். புதுக் கட்டிடத்தில் மூன்றாவது மாடி வார்டில் கூரைப் பலகைக்கு மேலே குழாய் விட்டுப்போய், நடைபாதையில் தண்ணீர் கொட்டுகிறது என்று வாக்கிடாக்கியில் சொன்னார்கள். என் தங்கை பக்கத்தில்தான் இருந்தாள். ஓடினாள்.

பம்ப் ரூமில் என்ன இருக்கிறது என்று இங்கே சொல்லிவிட வேண்டும். தொட்டியிலிருந்து வரும் தண்ணீரை மோட்டார்கள் ஒரு பெரிய குழாய்க்குள் தள்ளும். அது இரண்டாகப் பிரியும். ஒன்று வார்டுகளுக்கு: குளியலறை, கழிப்பறை, கை கழுவும் இடம். இன்னொன்று தண்ணீர் நிற்கவே கூடாத இடங்களுக்கு. பழைய கட்டிடத்தில் அது ஆபரேஷன் தியேட்டர். புதுக் கட்டிடத்தில் சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் சுத்தம் செய்கிற டயாலிசிஸ் பிரிவு. ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு வால்வு, அதில் நீளமான ஒரு கைப்பிடி. கால் வட்டம் திருப்பினால் தண்ணீர் நின்றுவிடும். வார்டில் குழாய் வெடித்தால் வார்டு வால்வை மூட வேண்டும். மற்றதைத் தொடக்கூடாது.

பழைய கட்டிடத்தில் உள்ளே போனால் இடது கைப்பக்கம் வார்டு வால்வு. புதுக் கட்டிடத்தில் இடம் போதாமல் எல்லாவற்றையும் முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலமாக மாற்றிப் பொருத்தியிருந்தார்கள். அங்கே வார்டு வால்வு வலது கைப்பக்கம்.

இவள் டீச்சரிடம் பொய் சொல்லவில்லை. அவளுக்கு இரண்டும் ஒன்றுதான். பழைய அறைக்குள் போனால் கை இடது பக்கம் போகும், புது அறைக்குள் போனால் வலது பக்கம் போகும். இத்தனை வருஷத்தில் அதை ஒருநாளும் யோசித்துச் செய்ததில்லை. யோசிக்காமல் செய்கிற ஒன்றை வித்தியாசம் என்று சொல்ல யாருக்குத் தோன்றும்? அதற்கப்புறம் அந்த விளையாட்டு, நூறு தடவையோ இருநூறு தடவையோ, அந்தக் கைக்கு ஒரே பக்கத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டது.

புதுக் கட்டிடத்துப் பம்ப் ரூமுக்குள் நுழைந்தாள். நான்கு எட்டு. திரும்பினாள். இடது கை கீழே இறங்கியது. மூடினாள்.

அன்று மத்தியானம் கடைக்கு வந்தாள். நான் ஒரு சட்டைக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள், எழுந்தாள், கதவைச் சாத்தினாள், மறுபடி திறந்தாள்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. அதான் ஆச்சு."

"புரியற மாதிரி சொல்லு."

"மூடிட்டேன் அண்ணா. மூடிட்டு, மூடியாச்சுன்னு வாக்கிடாக்கில சொல்லிட்டேன். மேல இருக்கிறவன், தண்ணி நிக்கலையே, இன்னும் கொட்டுதேங்கறான். நான் அவனைத் திட்டறேன், கொஞ்சம் பொறுடா, பைப்ல மிச்சம் இருக்கிறது வடியும்னு. அப்பத்தான் டயாலிசிஸ்லேருந்து நர்ஸ் குரல் வருது. தண்ணி வரலை, எல்லா மெஷினும் அலாரம் அடிக்குதுன்னு. குனிஞ்சு பாக்கறேன், என் கை இன்னும் கைப்பிடி மேலதான் இருக்கு. தப்பான கைப்பிடி."

"வால்வுல பேர் எழுதித் தொங்குமே. நீதானே சொல்வே?"

"தொங்குது. பளிச்சுன்னு தொங்குது. படிச்சா நேரம் போகும், நேரம் போனா மார்க் போகும். விளையாட்டுல யாரும் படிக்கிறதில்லை."

உடனே திறந்துவிட்டு, சரியான வால்வை மூடியிருக்கிறாள். டயாலிசிஸ் மெஷின்கள் தண்ணீர் குறைந்தால் தாமாகவே பாதுகாப்பாக நின்றுவிடும் வகை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு வயதான அம்மாவுக்கு மட்டும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. அந்த அம்மா பயந்துபோய் நர்சின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததை, அப்புறம் போய்க் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்திருக்கிறாள் என் தங்கை.

"யாருக்குத் தெரியும்?" என்றேன்.

"யாருக்கும் தெரியாது. குழாய் வெடிச்சதால பிரஷர் குறைஞ்சு போச்சுன்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டாங்க. இன்ஜினியர் வந்து என் தோள்ல தட்டினாரு. பயிற்சியோட பலன் பாத்தீங்களான்னு நாலு பேர்கிட்ட சொன்னாரு. என்னை நிக்க வச்சு போட்டோ எடுத்தாங்க அண்ணா. நோட்டீஸ் போர்டுல போடப் போறாங்களாம்."

மேஜைமேல் நான் வெட்டி வைத்திருந்த துணியைக் கையால் நீவிக்கொண்டே இருந்தாள். எனக்குச் சட்டென்று விஷயம் பிடிபட்டது.

"ரெண்டு இடது கை வெட்டிட்டே" என்றேன்.

"என்னது?"

"சட்டைக்குக் கை வெட்டறப்போ அச்சை ஒரு தடவை இப்படி வைக்கணும், அடுத்த தடவை திருப்பிப் போடணும். திருப்பாம அப்படியே வெட்டினா ரெண்டும் இடது கையா வந்து நிக்கும். பாக்க ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். தைச்சு மாட்டினாத்தான் தெரியும்."

அன்று முதல் தடவையாகச் சிரித்தாள். "ரெண்டு இடது கையோட ஒருத்தன் நடந்து போனா எப்படி இருக்கும்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. கதவை மறுபடி சாத்தினாள்.

வீட்டில் என் மனைவியிடமும் சொன்னாள். என் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

"இல்லை அண்ணி."

"அப்புறம் என்ன? அடுத்த வாரம் இன்சார்ஜ். ஆனதும் அந்தச் சுவத்துல பெருசா எழுதி ஒட்டு, இங்க வலது பக்கம்னு. முடிஞ்சுது. இப்பப் போய் வாயைத் திறந்தா உன் பேரை எடுத்துடுவாங்க."

"எழுதித் தொங்கறதையே நான் படிக்கலையே."

என் மனைவி கரண்டியை மறுபடி கையில் எடுத்தாள்.

"அந்த அறைக்கு இனிமே நான் மட்டும் போகப் போறதில்லை அண்ணி. ஃப்யூஸ் போவான். புதுசா சேர்றவங்க போவாங்க. மார்க் நல்லா வாங்கினவங்களாப் பாத்து அனுப்புவாங்க. யார் ரொம்ப நல்லா விளையாடறாங்களோ அவங்க கைதான் ரொம்ப வேகமா தப்பான பக்கம் போகும். நான் திருப்பித் திறந்தேன். இன்னொருத்தர் பயத்துல அப்படியே நின்னுட்டா?"

அடுத்து வந்த நாட்களில் அவளோடு ஒரு வீட்டில் இருப்பது தகிக்கிற அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலத்தான். வாஷர் வாங்கி வந்து சமையலறைக் குழாயைச் சரிசெய்தாள். சரியாக இருந்த குளியலறைக் குழாயையும் கழற்றிப் பூட்டினாள். போன் அடித்தால் தூக்கிவாரிப் போட்டது. வேலைக்குப் போனால் புதுக் கட்டிடத்துப் பக்கம் யார் போனாலும் பின்னாலேயே போனாளாம். "என்ன பம்பரம், எனக்குக் காவலா?" என்று ஃப்யூஸ் கேட்டிருக்கிறான். "உனக்குக் காவல் போட்டா கட்டிடத்துக்கே கரண்ட் வராது, போ" என்று சொல்லிவிட்டு, கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்திருக்கிறாள்.

எனக்கும் தையல் ஓடவில்லை. சொல்லு என்றும் வாய் வரவில்லை, சொல்லாதே என்றும் வரவில்லை. அவள் எந்தப் பக்கம் போனாலும் நான் அவள் அண்ணன், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

நோட்டீஸ் போர்டில் படத்தை ஒட்டிய அன்றைக்குத்தான் அவள் டீச்சரிடம் போனாள். அந்தப் படத்தில் அவள் இடது கையைக் கைப்பிடிமேல் வைத்துக்கொண்டு நிற்கிறாளாம். போட்டோவுக்காக அப்படி நிற்கச் சொன்னார்களாம், அதுவும் பழைய கட்டிடத்தில். புதுக் கட்டிடத்தில் வெளிச்சம் போதவில்லையாம்.

டீச்சர் முழுக்கக் கேட்டாள். தலையில் மாட்டும் கண்ணாடியைத் துடைப்பதும் வைப்பதுமாக இருந்தாள். "கதவு திறக்கிற வரைக்கும் நான் காத்திருந்திருக்கணும்க்கா. ஒரு நாள்தானே" என்றாள்.

"நான்தானே வேண்டாம்னேன்."

"நீங்க சொன்னீங்க. நான் சரின்னேன்ல?"

அந்த அறையைத் தனியாகச் செய்து சேர்க்கலாம், ஆனால் அதற்கு இன்ஜினியர் அனுமதி வேண்டும், ஏன் என்று கேட்பார் என்றாள் டீச்சர். "கோளாறு எதுவும் நடக்கலை, சும்மா முன்னெச்சரிக்கைன்னு சொல்லிப் பாக்கட்டுமாக்கா?"

"அடுத்த வருஷம் பாக்கலாம்பாரு. நானே சொல்றேன்."

இன்ஜினியரிடம் நடந்ததை எங்கள் கூடத்தில் நின்று இரண்டு பேராகவும் நடித்துக் காட்டினாள். அவர் கெட்டவர் இல்லை. முதலில் நம்பவில்லை. பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து, ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"உன் பேரை நேத்துதான் மேலே அனுப்பினேன்மா."

"தெரியும் சார்."

"பயிற்சியால பலன்னு நீ செஞ்சதைத்தான் எழுதியிருக்கேன். இப்ப நான் என்னன்னு எழுத?"

"பயிற்சியால வந்த தப்புன்னு எழுதுங்க சார். என்னால பயிற்சிக்குள்ள போன தப்புன்னும் எழுதுங்க. ரெண்டும் உண்மைதான்."

"தெரியாமப் போயிருக்கும். யாருக்குமே தெரியாமப் போயிருக்கும்."

"அடுத்த குழாய் உடையற வரைக்கும் சார்."

அவர் ஜன்னல் பக்கமே நின்றுகொண்டிருந்தாராம். இவளுக்கோ நிற்கவும் முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை. மேஜைமேல் இருந்த பேனா மூடியை எடுத்துத் திருகிக்கொண்டே இருந்திருக்கிறாள். கடைசியில் அவர், "அந்த மூடியையாவது விட்டுவை" என்றார். புது அறையைச் சேர்க்க அனுமதி கொடுத்தார். அவளுடைய பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நோட்டீஸ் போர்டில் இருந்த படமும் மறுநாள் இல்லை.

இன்சார்ஜ் இடம் ஃப்யூஸுக்குப் போயிற்று.

அன்று அவள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டாள். தட்டில் எதுவும் மிச்சம் வைக்கவில்லை. என் மனைவி இன்னும் கொஞ்சம் போட்டாள், அதையும் சாப்பிட்டாள். எழுந்து கை கழுவும்போது, "பகல் ஷிஃப்ட் போச்சு அண்ணி. இனியும் அண்ணனோட மெஷின் சத்தத்துலதான் தூங்கணும்" என்றாள். பேசிக்கொண்டிருந்தவள் குழாயைப் பிடித்தபடியே குலுங்க ஆரம்பித்தாள். என் மனைவி போய்க் குழாயை மூடிவிட்டு, அவளைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். நான் கடையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். அப்போது கடையில் எந்த வேலையும் இல்லை.

டீச்சர் மறுபடி வந்தபோது புதுக் கட்டிடத்துப் பம்ப் ரூமை அளந்தது இவள்தான். இரும்பு டேப் குழாயைச் சுற்றி வளையவில்லை என்று என் துணி டேப்பைக் கேட்டாள். கொடுத்தேன். கிரீஸும் துருவுமாகத் திரும்பி வந்தது. நடுவில் எண்களே தெரியவில்லை. "இதை வச்சு இனி யார் இடுப்பை அளக்கறது?" என்று கத்தினேன். அந்த டேப்பைத் தூக்கிப் போடவில்லை. கடையில் ஆணியில் மாட்டியிருக்கிறேன். யாராவது கேட்டால் முழுக் கதையும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

புதுக் கட்டம் தயாரானதும் முதலில் விளையாடியது ஃப்யூஸ். புது இன்சார்ஜ் என்று எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். அவனுக்கு விஷயம் முழுக்கத் தெரியும். மாறியிருக்கிறது என்று தெரிந்துதான் கண்ணாடியை மாட்டினான். குழாய் வெடித்தது; ஓடினான்; நான்கு எட்டு, திரும்பினான், கை இடது பக்கம் போய் மூடியது. சங்கு ஊதியது. எல்லோரும் சிரித்தார்கள். ஃப்யூஸ் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என் தங்கையிடம் வந்து, "தெரிஞ்சும் போகுது பம்பரம்" என்றான். மறுநாள் அவனே ஒரு உத்தரவு போட்டான். வால்வில் தொங்கும் பெயரைச் சத்தமாக வாக்கிடாக்கியில் படிக்காமல் யாரும் கைப்பிடியைத் தொடக்கூடாது. விளையாட்டிலும் படிக்காவிட்டால் மார்க் இல்லை. வேகத்துக்குக் கொடுத்த கூடுதல் மார்க்கை டீச்சர் எடுத்துவிட்டாள். அந்தக் கட்டத்துக்கு அவர்களுக்குள் பம்பரம் லெவல் என்று பெயர் வந்துவிட்டது.

அதன் பிறகு சேர்ந்தவர்களில் ஒருவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான். ஒரு நாள் நான் தங்கைக்குத் தைத்த வேலைச் சட்டையைக் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அவர் பயிற்சி அறையிலிருந்து வியர்வையோடு வந்தார்.

"இந்தப் பம்பரம் லெவலை எவன்மா வச்சான்? நானும் காலையிலேருந்து மாட்டிக்கிட்டு முழிக்கிறேன். கை தானா இந்தப் பக்கமே போகுது."

"எவளோ ஒருத்தி வச்சா" என்றாள் என் தங்கை. "எத்தனை தடவை சங்கு ஊதிச்சு?"

"எண்ணலை. பஸ்ஸுல விசில் ஊதினதைவிட அதிகம்."

"நல்லது. இன்னும் ஊதட்டும். போய் மறுபடி மாட்டுங்க."

எனக்கு வாய் துருதுருவென்றது. அவள் என் காலை மிதித்தாள்.

சில மாதம் கழித்துப் புதுக் கட்டிடத்தில் மறுபடி ஒரு குழாய் விட்டுப்போனது. அந்த நேரம் கண்டக்டர்தான் பக்கத்தில் இருந்தார். என் தங்கை பழைய கட்டிடத்திலிருந்து ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது அவர் அறைக்குள் நுழைந்துவிட்டிருந்தார். இவள் வாசலிலேயே நின்றாள். உள்ளே போகவில்லை, வாயைத் திறக்கவில்லை. தன் இரண்டு கையையும் சட்டைப் பைக்குள் விட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டாளாம். அந்தப் பைகளை நான்தான் ஆழமாக வைத்துத் தைத்திருந்தேன்.

கண்டக்டர் நான்கு எட்டு வைத்தார். திரும்பினார். அவருடைய இடது கை கீழே இறங்கியது. கைப்பிடிக்கு மேலே வந்து, தொடாமல் நின்றது. குனிந்து, தொங்கிய பெயரை ஒவ்வொரு எழுத்தாக, பஸ் ஸ்டாப் பெயரைச் சொல்வது மாதிரி வாக்கிடாக்கியில் படித்தார். டயாலிசிஸ். அதை விட்டுவிட்டு வலது பக்கம் போனார். அதையும் படித்தார். வார்டு. மூடினார். மேலே தண்ணீர் நின்றது என்று குரல் வந்தது. டயாலிசிஸிலிருந்து ஒரு குரலும் வரவில்லை.

அவர் திரும்பியபோதுதான் இவளைப் பார்த்தார். "நீங்க எப்ப வந்தீங்க? ஏன் அப்படி ஆடிக்கிட்டு நிக்கறீங்க?"

"சும்மா" என்றாளாம்.

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போதும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே சொன்னாள். "ஒரு சத்தமும் வரலை அண்ணா. நர்ஸ் வேற ஏதோ பேசிக்கிட்டிருந்திருப்பாங்க. அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது." மேலே போட்டிருந்த வேலைச் சட்டையைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். இரண்டு பையின் அடித்தையலும் பிரிந்து, துணி கிழிந்து தொங்கியது.

"எவ்வளவு பலமா பிடிச்சே?" என்றேன்.

"தைச்சுக் கொடு" என்றாள். "கெட்டித் தையலா போடு."